நெல்லுக்குத் திரும்பும் வாழைத் தோட்டங்கள்

ஜெரால்டு,

உன் குரல்பதிவை நானும் மெர்லினும் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டோம். கப்பல் எஞ்சினின் இரைச்சலுக்கு மேலே நீ கத்திப் பேசியிருந்தாய். “மெஷினை வித்துருங்கம்மா. தேனிக்காரர் கேட்டாருல்லா, அவருக்கே குடுத்துருங்க. ஏரல் ஷெட்டையும் காலி பண்ணிருங்க. நான் அடுத்த காண்ட்ராக்டுக்குக் கையெழுத்துப் போட்டுருதேன்.” அப்புறம், “மெர்லின அலைய விடாதீங்க” என்று உன் பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிட்டாய். மெர்லின் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தாள். உனக்குப் பதில் குரலிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதுவும் சந்தோஷமான விஷயம். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவளுக்கு எழுதினால்தான் வரிசையாக வரும். உன்னைப் போலக் கப்பலிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்துக்கொண்டு, ஊருக்கு வந்து ஏதாவது தொடங்கலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். போன விடுமுறையில் நீ என்னை ஸ்கூட்டரில் வைத்துத் துறைமுகச் சாலைக்குக் கூட்டிப் போனாய். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய மரத்தடிகளையும் பழைய பேப்பர் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. “இதெல்லாம் எதுக்கு வருதுன்னு நெனைக்கீங்க? அட்டைக்கும் பேப்பருக்கும் பலகைக்கும்” என்றாய். அங்கிருந்து நேரே ஏரலுக்கு வண்டியை விட்டாய். தாமிரபரணிக் கரையில் வாழைத் தோட்டம் வழியாகப் போனோம். தார் வெட்டி முடிந்த மரங்கள் வாய்க்கால் ஓரத்தில் குவிந்து, அழுகி, கொசு மொய்த்துக் கிடந்தன. “அங்க கப்பல்ல வந்து இறங்குற நார்தான் இங்க வாய்க்கால்ல கெடக்கு” என்று சொன்னாய். ஒரு மரத்து மட்டையைப் பிய்த்து, நகத்தால் கீறி, உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓடிய நாரை எனக்குக் காட்டினாய். கப்பலில் சேர்த்ததைக் கொண்டு நார் பிரிக்கும் மெஷின் வாங்கினாய். ஏரலில் ஷெட் பிடித்தாய். நாரைப் பதமாக உலர்த்திக் கொடுத்தால் பாய்க்கும் கூடைக்கும் வாங்கிக்கொள்வதாகக் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவரிடம் பேசியும் வைத்தாய். எல்லாம் தயார். மரம் மட்டும் வரவில்லை.

அந்த மாதங்களில் சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து முகம் கழுவும் சத்தத்திலேயே அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். தார் வெட்டுகிற தோட்டமாகப் பார்த்துப் போய்க் கேட்பாய். அவர்களும் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, “பாப்போம் தம்பி” என்பார்கள். விலை சொல்வாய், அவர்கள் ஒன்றும் பேச மாட்டார்கள். மறுநாள் விலையை ஏற்றிச் சொல்வாய், அப்போதும் பேச மாட்டார்கள். “இன்னும் கூடக் கேக்காங்கம்மா, வாயத் தொறந்துதான் சொன்னா என்ன?” என்று என்னிடம் வந்து நொந்துகொள்வாய். உங்கப்பா கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். பள்ளிக்கூடம் விட்டதும் நீ பையோடு போய் அவர் பக்கத்தில் நிற்பாய். ஏலத்தில் மீன் கொண்டுவந்தவர் வாயை மூடிக்கொண்டு நின்றால், விலை பத்தாது, இன்னும் ஏறட்டும் என்று அர்த்தம். அது உனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. நான் உட்பட நம் வீட்டில் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. கடற்கரையில் பிறந்தவர்கள் ஆற்றங்கரைக்குப் போய், எதிரே இருப்பவர் பேசாமல் இருக்க இருக்க விலையை ஏற்றிக்கொண்டே போனோம். கடைசியில் உன் விடுமுறை முடிந்தது. மெஷினைப் பூட்டிவிட்டுக் கப்பலேறினாய்.

உன் குரல்பதிவு வந்த மறுநாள் நானும் மெர்லினும் ஷெட்டைக் காலி செய்யத்தான் பஸ் ஏறினோம். ஷெட்டைத் திறந்து தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சுடலைமுத்து அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தினார். உனக்கு மோர் கொடுத்தே அனுப்பிய அதே சுடலைமுத்து அண்ணாச்சிதான்.

“என்ன டீச்சர், மெஷின விக்கப் போறியளாமே?”

“ஆமா அண்ணாச்சி. மரம் கெடைக்கலன்னா மெஷினை வெச்சு என்ன செய்ய?”

“விக்கதுக்கு முன்னால ஒரு உபகாரம் செய்வியளா? ஆத்தோரத் தோட்டத்துல வாழையெல்லாம் சாய்ச்சுக் கெடக்கு. பிசானப் போகத்துக்கு நெல்லு போடணும், தண்ணி வந்துரும். வெட்டி அள்ளிப் போட ஆளு அம்புட மாட்டேங்கு. நீங்க அள்ளிட்டுப் போயிட்டா எனக்குப் பெரிய பாரம் கொறையும்.”

நான் மடித்த தார்ப்பாயைக் கீழே வைத்துவிட்டேன். “என் மகன் உங்ககிட்ட மாசக்கணக்கா இதத்தானே அண்ணாச்சி கேட்டான்?”

“அவரு கேட்டது மேலத் தோட்டத்து மரத்தல்லா. அதுல பக்கக்கன்னு நிக்கி. தாரு வெட்டுனாலும் தாய் மரம் நின்னாத்தான் கன்னுக்கு ஊட்டம். அத எப்பிடி அறுத்துக் குடுக்க? இது கன்னெல்லாம் முடிஞ்சு நெல்லுக்குப் போற தோட்டம்.”

“அத அவன்ட்ட சொல்லக் கூடாதா?”

அவர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். “வீடு தேடி வந்த பிள்ளைட்ட முடியாதுன்னு எப்பிடிச் சொல்ல? அவரு பாட்டுக்கு வெலைய ஏத்திக்கிட்டே போறாரு. அழுகப் போற மரத்துக்கு இம்புட்டு வெல குடுக்கான்னா உள்ள என்னமோ இருக்குன்னு எங்க வீட்ல சொல்லுதா. ஒரு நாளு அவ ஒரு மரத்த நடுவுல பொளந்தே பாத்துட்டா.”

“என்ன இருந்துச்சு?” என்று மெர்லின் கேட்டாள்.

“தண்டு இருந்துச்சு. பொரியல் வெச்சுத் தின்னோம்.”

மெர்லின் தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள், ஜெரால்டு. நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு, கணக்குக்கு விடை கிடைத்த பிள்ளைக்கு வருமே ஒரு துடிப்பு, அதுவும் வந்தது. நீ கேட்ட கேள்வி “எவ்வளவுக்குத் தருவீர்கள்?” கேட்டிருக்க வேண்டியது “எந்தத் தோட்டம் இந்த வருஷம் நெல்லுக்குப் போகிறது?” வகுப்பில் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் தலையாட்டும். “எந்த வரியில் நின்னுட்ட?” என்று கேட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரியில் விரலை வைக்கும். வாழைக்கும் அப்படித்தான். கன்று நிற்கிற தோட்டத்தில் அந்த மரம் கழிவே இல்லை, அடுத்த தாருக்கான சாப்பாடு. நெல்லுக்குப் போகிற தோட்டத்தில் அதே மரம் தலைவலி. தூரத்திலிருந்து பார்க்கிற நமக்கு இரண்டும் ஒரே பச்சையாகத் தெரிந்தது. நீ தொழில் தொடங்கினாலும் சரி, வேறு எவர் தொடங்கினாலும் சரி, ஒரு பொருளைக் கழிவு என்று பெயர் வைக்கும் முன் அது யாருக்கு, எந்த மாதத்தில் கழிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷெட்டைக் காலி செய்கிற வேலை அன்றே நின்றது. அதற்காக எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மறுநாள் மரம் ஏற்ற ஒரு மினி லாரியை அமர்த்தினோம். ஆற்றோரத் தோட்டத்து ஈரத்தில் அதன் பின்சக்கரம் புதைந்துவிட்டது. டிராக்டர் வந்து இழுக்க வேண்டியதாயிற்று. ஏற்றிய மரமும் கொஞ்சம்தான், அதிலும் பெரும்பாகம் தண்ணீர். நடந்துபோனபோது எங்கள் செருப்பெல்லாம் பசையாக ஒட்டியது. டிரைவர், “தண்ணிய ஏத்துததுக்கு லாரி எதுக்கும்மா, டேங்கர் சொல்லியிருக்கலாம்லா” என்று கேலி செய்தார். நான் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மெர்லின் என் கையைப் பிடித்தாள். “மாமி, அவரு சரியாத்தான் சொல்லுதாரு. நாம மரத்த மெஷின்ட்ட கொண்டு போறோம். மெஷின மரத்துட்ட கொண்டு வந்தா என்ன?” என்றாள்.

மெஷினோ மின்சாரத்தில் ஓடுவது. வாழைத் தோட்டத்துக்குள் மின்சாரம் எங்கே? அதற்குத்தான் உன் மாமாவை இழுத்தேன். என் தம்பியை உனக்குத் தெரியும், கரையில் நின்றால் கால் தரையில் நிற்காது அவனுக்கு. வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த பழைய வள்ளத்து டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தான். அதையும் உன் மெஷினையும் டிராக்டர் டிரெய்லரில் அருகருகே முடுக்கி, நடுவில் பெல்ட் மாட்டினான். சுடலைமுத்து அண்ணாச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது கடல்ல ஓடுனதா?”

“ஆமா.”

“வயக்காட்டுல ஓடுமா?”

“அண்ணாச்சி, மூணாள் ஒசரத்துக்கு அலை அடிக்கயில ஓடுன எஞ்சின். ஒம்ம வாழைக்குள்ள வந்து மயங்கியா விழப் போவுது?” என்றான் உன் மாமா. சொல்லிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினான். ஓடவில்லை. மறுபடியும் சுற்றினான். அண்ணாச்சி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு, “மயங்கித்தான் போச்சு போல” என்றார். அதற்குள் கரும்புகை ஒன்று விட்டு அது பிடித்துக்கொண்டது.

அந்த முதல் மட்டை உள்ளே போன நேரத்தை நீ பார்த்திருக்க வேண்டும், மகனே. அங்கே வழக்கமாகத் தார் வெட்டுக்கு வருகிற பெண்களையே வேலைக்கு அழைத்திருந்தோம். ஒருத்தி மட்டையை உரித்துக் கொடுத்தாள். மெர்லின் அதை உருளைக்குள் பாதி விட்டு, இழுத்து, திருப்பி மறுபாதியை விட்டாள். சக்கையும் நீரும் இந்தப் பக்கம் சிதறின. அவள் கையில் ஒரு கற்றை தொங்கியது. ஈரமாக, வெள்ளையாக, தலைக்குக் குளித்துவிட்டு வந்த பெண்ணின் நரைமுடி போல இருந்தது. மட்டை உரித்துக்கொண்டிருந்த எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணாச்சி அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், அறவில்லை. தன் வேட்டியில் கையைத் துடைத்தார். வாழைக்கறை போகாது என்பதை மறந்துவிட்டார். மெர்லின் கட்டியிருந்ததும் கோயிலுக்குக் கட்டுகிற சேலை. முதல் ஓட்டம் நல்லபடி நடக்கட்டும் என்று கட்டிக்கொண்டாள். முந்தானை முழுக்கக் கறை. இப்போது அதையே தோட்டத்துச் சேலையாக ஆக்கிக்கொண்டாள்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. சக்கையை ஷெட்டுக்குக் கொண்டுபோய் உரமாக்கி விற்கலாம் என்று நீ திட்டம் வைத்திருந்தாய். அண்ணாச்சி தயங்கித் தயங்கி, “சக்கையையும் எடுத்துருவியளோ?” என்று கேட்டார். “வேண்டாம் அண்ணாச்சி, நாரு மட்டும் எங்களுக்கு” என்று மெர்லின் சொன்னதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அவர் மண்ணில் விளைந்ததில் பெரும்பாகம் அவர் மண்ணுக்கே போகிறது. நமக்கோ சுமக்கிற பாரம் மிச்சம். மறுநாள் அடுத்த தோட்டக்காரர் தானாகவே வந்து, “எங்களுதும் நெல்லுக்குத்தான் போவுது, அந்தப் படகு எஞ்சின எப்ப கொண்டாருவிய?” என்று கேட்டதற்குக் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். விலையைப் பற்றி அவர் கடைசியில்தான் பேசினார், அதுவும் நின்றவாக்கில்.

நாரை உலர்த்துவதில் ஒருமுறை கோட்டை விட்டோம், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஷெட்டுக்குள் கொடியில் நெருக்கமாகப் போட்டதில் உள்பக்கம் ஈரம் நின்றுவிட்டது. காயல்பட்டினத்து வியாபாரி கட்டுக்குள் கையை விட்டு, எடுத்து மோந்து பார்த்தார். “இது கன்டெய்னர்ல ஏறுனா போய்ச் சேரயில பூஞ்சைதான் எறங்கும் டீச்சர். நல்லா காயப் போட்டுத் தாங்க, எவ்வளவுன்னாலும் எடுத்துக்கிடுதேன்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் மாமா மறுநாள் கிழிந்த மீன்வலைகளைக் கொண்டுவந்தான். திறந்த வெளியில் கம்பு நட்டு, வலையை இழுத்துக் கட்டினான். நாரை அதன்மேல் மெல்லிசாக விரித்தோம். மேலும் காற்று, கீழும் காற்று. ஏரல் சந்தைக்குப் போகிறவர்கள் நின்று, வயலில் யார் வலை விரித்தது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த முறை கட்டுகளை வியாபாரி மோந்துகூடப் பார்க்கவில்லை, கையில் எடுத்ததுமே ஆளைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

இப்போது என் தலைக்குள் ஓடுவதையும் கேள். பிசான நடவு முடிந்தால் நெல்லுக்குப் போகிற வாழை இருக்காது. மெஷின் சும்மா நிற்கும் என்று நீ உடனே சொல்வாய். நானும் அதை நினைத்துக் கவலைப்பட்டேன். அப்புறம் எட்டயபுரத்தில் இருக்கிற என் பழைய சக ஆசிரியைக்குப் போன் பண்ணி, அந்தக் கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடிந்த பிறகு செடியை என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் அடுப்புக்குப் போகிறதாம், மீதியைப் போட்டு எரிக்கிறார்களாம். அதை நொறுக்கினால் அட்டைக்கும் பலகைக்கும் ஆகும் என்று நீதான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாய். அதற்கு வேறு மெஷின் வேண்டும், தெரியும். ஆனால் அதே ஷெட், அதே டிரெய்லர், அதே படகு எஞ்சின் போதும். ஆற்றங்கரையில் வாழை முடிகிற மாதம் வேறு, கரிசலில் பருத்தி முடிகிற மாதம் வேறு. தரிசில் சீமைக்கருவேலம் எல்லா மாதமும் நிற்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துக் கால அட்டவணை மாதிரி இந்த மாவட்டத்துக்கே ஒன்று போடலாம் என்று தோன்றுகிறது. எந்த மாதம் எந்த ஊருக்கு வண்டி போக வேண்டும் என்று தெரிந்துவிட்டால், இங்கே விளைகிறதை இங்கேயே பொருளாக்கி நம் துறைமுகத்திலேயே கப்பலேற்றலாம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இவ்வளவு வேலை தோன்றியதே இல்லை. பகலில் சும்மா படுக்கக்கூட முடியவில்லை. மெர்லின் என்னை, “மாமி, கொஞ்சம் உக்காருங்க” என்று அதட்டிக்கொண்டே இருக்கிறாள். பருத்தியை ஒரு காட்டில் சோதித்துப் பார்க்காமல் இதில் எதையும் நம்ப மாட்டேன் என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான்.

நேற்றுத் தேனிக்காரர் வந்திருந்தார். ஷெட்டுக்குப் போய் மெஷின் இல்லையென்று பார்த்து, எனக்குப் போன் பண்ணி, விசாரித்துக்கொண்டே வரப்பில் நடந்து வந்து சேர்ந்தார். ஓடுகிற மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “மகன் விக்கச் சொன்னாருன்னீங்களே?” என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தானே முதலில் வரச் சொன்னேன். நான் பதில் சொல்வதற்குள் மெர்லின் மட்டையிலிருந்து கையை எடுக்காமலே, “அவரு கப்பல்ல இருந்து சொன்னாரு சார். அங்கேருந்து இது தெரியாதுல்லா” என்றாள். அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மெஷினை நாங்கள் விற்கவில்லை. உன் உழைப்பில் வாங்கியது, உன்னைக் கேட்காமல் இந்த முடிவை எடுத்துவிட்டோம். நீ கோபப்பட்டால் அது நியாயம்தான்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஷெட்டுக்காரர் இடத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது, மெர்லின் தன் பெயரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். என்னிடமே மறுநாள்தான் சொன்னாள். ஆகையால் நீ காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடும்போது, இந்தத் தொழிலைக் காப்பாற்ற வர வேண்டும் என்றோ, நம்மை நஷ்டத்திலிருந்து காப்பாற்றக் கப்பலிலேயே இருக்க வேண்டும் என்றோ நினைக்காதே. நீ வந்தாலும் வராவிட்டாலும் அது ஓடும். கடல் உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாக இரு. நீ தொடங்கிய வேலை வீணாகவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு இரு. தோற்றுவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு அந்தப் பேப்பரில் பேனாவை வைத்துவிடாதே. அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.

இதை முடிக்கும் முன் மெர்லினைக் கூப்பிட்டு, உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். நாளைய தோட்டத்துக்கு அரிசியை அளந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “வாரதா இருந்தா முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்க மாமி. இன்னொரு ஆளுக்குச் சோறு கட்டணும்லா.”

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா